தசைச்சிதைவு நோயும் வீட்டுக் கணக்கும்: கடலூர், புதுச்சேரி குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

செய்தியில் அடிபடுவதெல்லாம் எஸ்எம்ஏ என்ற தசை பலவீன நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிதான். நம் பக்கத்து வீடுகள் கடனில் விழுவது அந்த ஊசியால் இல்லை, அது பெரும்பாலானோர் வாசலுக்கே வருவதில்லை. நோயின் பெயர் தெரியாமல் வருஷக்கணக்கில் எடுக்கும் டெஸ்டுகள், வேலூருக்கும் சென்னைக்கும் பிடிக்கும் வாடகை கார், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடும் அம்மாவின் சம்பளம், அளவு பார்க்காமல் வாங்கிய சக்கர நாற்காலி, யாரோ சொன்ன 'ஸ்டெம் செல்' பேக்கேஜ் என்று சிறுகச் சிறுகப் போகும் பணம்தான் வீட்டை அரிக்கிறது.

என் தம்பிக்கு டிஎம்டி, அதாவது டூஷேன் தசைச்சிதைவு. இந்த நோயுள்ள மற்ற வீடுகளோடும் பழகியதில் எனக்குப் பட்டது இதுதான்: எவ்வளவு செலவாகும் என்பதைப் பாதி தீர்மானிப்பது நோய், மீதிப் பாதி எந்தத் தாளை எந்த வரிசையில் வாங்குகிறோம் என்பது. அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது. டிஎம்டி, எஸ்எம்ஏ (முதுகுத்தண்டு நரம்பு செல்கள் கெட்டு தசை சூம்புவது), லிம்ப் கர்டில் (இடுப்பு, தோள் தசைகளைப் பிடிக்கும் தசைச்சிதைவு), பாம்பே நோய் (Pompe, ஊர்ப் பெயர் இல்லை; ஒரு என்சைம் குறைவால் தசை கெடும் பரம்பரை நோய்), மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி சரியாகப் போகாத நோய்) என எதுவாக இருந்தாலும் பெரும்பகுதி பொருந்தும். மருந்து முடிவுகளை மட்டும் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

முதல் படி: நோய்க்கு மரபணு அளவில் பெயர் வாங்குங்கள்

பையன் தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றி எழுகிறான், மாடிப்படி ஏறத் திணறுகிறான், கெண்டைக்கால் சதை மட்டும் பருத்துத் தெரிகிறது. இப்படி இருந்தால் முதலில் எடுக்க வேண்டியது சிகே (தசையிலிருந்து கசியும் என்சைமின் அளவு) என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். டிஎம்டியில் இது ஆயிரக்கணக்கில் எகிறி நிற்கும்.

இங்கே பல வீடுகளில் பணம் வீணாகும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்கப் போய் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அதிகம் என்று வரும். உடனே கல்லீரல் என்று நினைத்து ஸ்கேன், மஞ்சள் காமாலை டெஸ்டுகள், கீழாநெல்லி என்று மாதங்கள் ஓடும். அந்த இரண்டு என்சைம்களும் தசையிலிருந்தும் வரும். கல்லீரலில் வேறு கோளாறு தெரியாமல் இவை மட்டும் ஏறியே இருந்தால், "சிகே பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

சிகே அதிகம் என்றால் அடுத்தது மரபணுப் பரிசோதனை. தசையை வெட்டி எடுக்கும் பயாப்ஸி இப்போது பலருக்குத் தேவைப்படுவதில்லை. டிஎம்டி சந்தேகம் என்றால், மரபணுவில் துண்டு விட்டுப்போயிருக்கிறதா, இரட்டித்திருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ என்ற பரிசோதனை முதலில். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு அதிலேயே தெரிந்துவிடும். அதில் வராவிட்டால்தான் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்கும், விலை கூடிய என்ஜிஎஸ். எடுத்த எடுப்பிலேயே பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பெரிய பேனல் எழுதிக் கொடுத்தால், எம்எல்பிஏ முதலில் போதாதா என்று கேட்பதில் தப்பில்லை. எஸ்எம்ஏவுக்கு எஸ்எம்என்1 மரபணுவைப் பார்த்தால் போதும்.

கோரிமேடு ஜிப்மரின் நரம்பியல், குழந்தைகள் பிரிவுகளில் தொடங்குங்கள். வேலூர் சிஎம்சியிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இந்த நோய்களில் நல்ல அனுபவம் உண்டு. கோவையில் டிஎம்டிக்கென்றே பரிசோதனையும் ஆலோசனையும் தரும் எம்டிசிஆர்சி என்ற மையம் இருக்கிறது. தனியார் லேபில் பணம் கட்டும் முன் அங்கே விசாரியுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் நான்கைந்து நகல் எடுத்து, ஒன்றை போனிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். இனி எந்தக் கவுன்ட்டரிலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இரண்டாம் படி: உங்கள் ரேஷன் கார்டு எந்தப் பக்கம்?

ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வந்தால் மாநிலம் மாறிவிடும். நமக்கு அது ஒரே ஊர். பெண் எடுப்பதும் கொடுப்பதும் அங்கேயும் இங்கேயும்தான். ஆனால் மருத்துவ உதவித் திட்டம் கார்டு இருக்கும் பக்கத்தில்தான் நிற்கும். கடலூர்க் கார்டை வைத்துக்கொண்டு புதுச்சேரி அரசின் உதவிக்கு அலைவது வீண் வேலை, திருப்பிச் செய்தாலும் அப்படியே. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம் என்பதால் இரண்டு பக்கத்தாருக்கும் திறந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக் கார்டு என்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். விஏஓ தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. புதுச்சேரிக் கார்டு என்றால் ஆயுஷ்மான் பாரத், அதிலும் 5 லட்சம்.

இந்த இரண்டையும் பற்றி ஒரு முக்கியமான விஷயம். இவை படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானவை. நிமோனியா, ஐசியூ, முதுகெலும்பு ஆபரேஷன் என்றால் கைகொடுக்கும். மாதாமாதம் வாங்கும் மாத்திரை, பிசியோ, வீட்டில் வைக்கும் மெஷின் எல்லாம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். "கார்டு இருக்கே, கவலை இல்லை" என்று சொந்தக்காரர் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, மாதச் செலவைத் தனியாக எழுதி வையுங்கள்.

இஎஸ்ஐ இருக்கும் வீடு இதில் கொஞ்சம் கொடுத்து வைத்தது. சிப்காட் கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு (மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 25,000 வரை) இஎஸ்ஐ உண்டு. வெளிநோயாளி மருந்தும் அதில் வரும், குடும்பத்துக்கும் சேர்த்து. சம்பளம் உயரும் வேறு வேலைக்கு மாறும் முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாம் படி: யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவு பெயரோடு இருக்கிறது. பிள்ளை இன்னும் நடக்கிறானே, இப்போதே எதற்கு என்று தள்ளிப்போடும் பெற்றோர் அதிகம். மனசு ஒப்பாது, புரிகிறது. ஆனால் குறைபாடு 40 சதவீதம் என்று பதிவானால்தான் பல கதவுகள் திறக்கும்.

ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மருத்துவ போர்டு உட்காரும் நாளிலோ முகாமிலோ அழைத்துப் போக வேண்டும். சான்றிதழில் 'கை கால் குறைபாடு' என்று பொதுவாக எழுதி அனுப்பிவிடக்கூடும். நோய் தசைச்சிதைவு என்றால் அந்தச் சொல் வரும்படி மரபணு ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் தசைச்சிதைவு நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தனிப் பிரிவாகவே இருக்கிறது. அந்த ஒரு சொல் இல்லாமல் விண்ணப்பம் வேறு பிரிவுக்குப் போய், 75 சதவீதம் இல்லை என்று திரும்பி வர வாய்ப்புண்டு. இது வளரும் நோய் என்பதால், நடை குறைந்ததும் மறு மதிப்பீடு கேட்டு சதவீதத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பேட்டரி சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்தான் மனு. புதுச்சேரிக்காரர்கள் சமூக நலத்துறைக்குப் போக வேண்டும்.

நிராமயா காப்பீடு வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. தசைச்சிதைவு மட்டும் இருந்தால் கிடைக்காது.

நான்காம் படி: மருந்துக் கணக்கு

நோய்க்கு நோய் இது தலைகீழாக மாறும்.

டிஎம்டியில் மருந்து மலிவு. பிரெட்னிசலோன் அல்லது டெஃப்லாசகார்ட் என்ற ஸ்டீராய்டு, கால்சியம், வைட்டமின் டி, பத்து வயதுவாக்கில் இதயத்துக்கு எனலாப்ரில் போல ஒரு மாத்திரை. அமெரிக்காவில் டெஃப்லாசகார்ட் பல லட்சம் ரூபாய்க்கு விற்ற மருந்து, இங்கே தெருமுனைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ இன்னும் குறையும். ஒன்றே ஒன்று, ஸ்டீராய்டைப் பாதியில் சட்டென்று நிறுத்தக் கூடாது. 'குண்டாகிறான்' என்று பாட்டி சொல்லி நிறுத்தி, மயங்கி விழுந்து ஐசியூவுக்குப் போனால் ஒரு வருஷ மருந்துச் செலவு ஒரே வாரத்தில் போய்விடும். வருடாந்திரச் செலவாக எக்கோ, நுரையீரல் அளவு, எலும்பு அடர்த்தி, கண் பரிசோதனை நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு கண்புரையைக் கொண்டுவரும் என்பதால்தான் கண். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர் ரோட்டிலேயே இருப்பது நமக்கு வசதி.

எஸ்எம்ஏவில் கதை வேறு, அதுவும் சமீபத்தில் மாறிய கதை. ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய் இருந்தது. காப்புரிமை வழக்கில் 2025 அக்டோபரில் ரோஷ் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும், நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய் விலையில் கொண்டுவந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம், பாட்டிலில் 60 மில்லிகிராம். ஒரு பாட்டில் 12 நாள். வருடத்துக்கு 31 பாட்டில் என்றால், முன்பு 1 கோடியே 80 லட்சத்துக்கு மேல், இப்போது 5 லட்சத்துக்குள். நம் வீடுகளுக்கு 5 லட்சமும் மலைதான், ஆனால் ஏறிப் பார்க்கக்கூடிய மலை. 2025 செப்டம்பரில் இந்த மருந்துக்கு ஜிஎஸ்டியும் நீக்கப்பட்டது. பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள். பழைய விலையை மட்டும் கேள்விப்பட்டு, 'நமக்கு ஆகாது' என்று டாக்டரிடம் போவதையே விட்ட குடும்பங்கள் மறுபடி போக வேண்டிய நேரம் இது.

பாம்பே நோயில் மருந்து எடையைப் பார்த்து ஏறும். கிலோவுக்கு 20 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மருந்துக் குப்பியில் இருப்பது 50 மில்லிகிராம். 15 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 6 குப்பி, 30 கிலோவானால் 12. பிள்ளை வளர்வதே செலவு என்று ஆகிவிடும் கொடுமை இதில் இருக்கிறது.

மயஸ்தீனியாவில் தினசரி மாத்திரையான பைரிடோஸ்டிக்மின் சமாளிக்கக்கூடிய செலவு. மூச்சுத் திணறி 'கிரைசிஸ்' வந்தால்தான் இடி. ஐவிஐஜி என்ற, நரம்பில் ஏற்றும் நோய் எதிர்ப்புப் புரதம் கிலோவுக்கு 2 கிராம் வீதம் 60 கிலோ ஆளுக்கு 120 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் 24. பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையும் கிரைசிஸில் அதே அளவுக்குப் பலன் தரும். அந்த வசதியுள்ள மருத்துவமனையாக இருந்தால் எது செலவு குறைவு என்று கேட்கலாம். அதைவிட, கிரைசிஸைக் கிளப்பும் மருந்துகளைத் தவிர்ப்பதே பெரிய சேமிப்பு. சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின், மெக்னீசியம் ஊசி ஆகியவை இந்த நோயாளிகளுக்கு ஆபத்தானவை. சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். இந்தப் பெயர்களை ஒரு அட்டையில் எழுதி நோயாளியின் பர்ஸில் வையுங்கள்.

ஐந்தாம் படி: மத்திய அரசின் 50 லட்சம்

2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. முதலில் ஒரு பிரிவு நோய்களுக்கு மட்டும் 20 லட்சம் என்று இருந்தது, 2022 மே மாதம் மூன்று பிரிவுகளுக்கும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை என்று மாறியது. டிஎம்டி, எஸ்எம்ஏ, பாம்பே மூன்றுமே விலை அதிகமான மூன்றாம் பிரிவில் வருகின்றன. மயஸ்தீனியா இந்தப் பட்டியலில் இல்லை.

பணம் உங்கள் கைக்கு வராது. சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனையில் பதிவு செய்து, அங்குள்ள குழு பார்த்து, மருந்து அங்கேயே தரப்படும். நமக்குப் பக்கத்தில் இருப்பது சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. திருப்பாதிரிப்புலியூரில் எழும்பூர் வரை போகும் ரயிலாகப் பார்த்து ஏறினால் அங்கேயே இறங்கலாம், மருத்துவமனை ஸ்டேஷனுக்குக் கிட்டே. அப்படிப் போனால், கூட்டத்தில் சக்கர நாற்காலியோடு தாம்பரத்தில் மாறும் பாடு இல்லை.

50 லட்சம் என்பது உச்சவரம்பு. பாம்பே போல ஆயுள் முழுக்க மருந்து வேண்டிய நோயில் அது தீர்ந்துவிடும், தீர்ந்த பின் என்ன என்பதற்காகத்தான் குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போகின்றன. எனவே தொடங்கும்போதே டாக்டரிடம், "இந்தத் தொகை எவ்வளவு காலத்துக்கு வரும்?" என்று கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மருந்து தருவிப்பவர்களுக்கு, பட்டியலில் உள்ள நோய் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் சுங்க வரி இல்லை. சுகாதாரத் துறை அதிகாரியின் சான்று வேண்டும்.

ஆறாம் படி: மெஷின், நாற்காலி, கரன்ட்

பணமும் கோபமும் அதிகம் செலவாவது இங்கேதான்.

சக்கர நாற்காலியில் சீட் அகலம் இடுப்பை ஒட்டி இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி போதும். 'வளரும் பிள்ளை, பெரிசாவே வாங்கிக்குங்க' என்று ஒரு கடையில் எங்களுக்கும் சொன்னார்கள். சட்டைக்கு அது சரி. நாற்காலி அகலமானால் உடம்பு ஒரு பக்கம் சாயும், சாய்ந்தே உட்கார்ந்தால் முதுகு வளையும், வளைந்தால் ஆபரேஷன். பிசியோதெரபிஸ்டை அளவெடுக்கச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

தூக்கத்தில் மூச்சு குறைய ஆரம்பித்தால், மாஸ்க் வழியாகக் காற்றை உள்ளே தள்ளும் பைபேப் மெஷின் எழுதுவார்கள். நாற்பதாயிரத்தில் தொடங்கி லட்சம் வரை போகும். முதலில் வாடகைக்கு எடுத்து, மாஸ்க் முகத்துக்கு ஒத்து வருகிறதா பாருங்கள். மாஸ்க் சரியில்லாவிட்டால் எந்த மெஷினும் ஓரமாகக் கிடக்கும். சளி வெளியேற்றும் இருமல் உதவி மெஷின் பல லட்சம். அது வாங்க முடியாதபோது, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் ஆம்பு பேக்கை (கையால் அமுக்கும் காற்றுப் பை) வைத்து மூச்சை அடுக்கி அடுக்கி உள்ளே செலுத்தி இருமவைக்கும் முறையை பிசியோவிடம் கற்றுக்கொள்ளலாம். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை மட்டும் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். இந்த நோயில் குறை மூச்சுத் தசையில். ஆக்சிஜனை மட்டும் ஏற்றினால் கரியமில வாயு உள்ளே சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

அடுத்தது கரன்ட். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது கடலூர்க் கிராமங்களில் எத்தனை நாள் இருட்டு என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம். 2024இல் ஃபெஞ்சல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பைபேப் உள்ள வீட்டில் இன்வெர்ட்டர் ஆடம்பரம் கிடையாது, மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள். ஈரப்பதமூட்டியை அணைத்து வைத்தால் பைபேப் ஐம்பது வாட் அளவில்தான் இழுக்கும், இரவு எட்டு மணி நேரத்துக்கு சுமார் 400 வாட்-மணி. 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மூன்று இரவு தாங்கும், ஃபேனையும் டிவியையும் அதில் மாட்டாதவரை. ஐப்பசி பிறக்கும் முன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஒரு இரவு மெயினை அணைத்து ஓட்டிப் பாருங்கள்.

காப்பீடு, வரி, பயணம்

தனியார் பாலிசி எடுப்பவர்கள் நோயை மறைக்காதீர்கள். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம். மரபணு நோய் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக விலக்கிவைக்கும் ஷரத்தைப் போடக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லி கிளெய்மை மறுத்தால் எழுத்தில் வாங்கி, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் போங்கள்.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு 75,000 ரூபாயும் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு, உண்மையில் செலவு எவ்வளவு ஆனாலும். 80டிடி என்ற பெயரில் ஆடிட்டருக்குத் தெரியும். புதிய முறையில் இது இல்லை, எது லாபம் என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

துணை இல்லாமல் பயணிக்க முடியாதவருக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் 75 சதவீதச் சலுகை, கூட வருபவருக்கும் சேர்த்து. ரயில்வே அடையாள அட்டையை ஒருமுறை வாங்கிவிட்டால் வாடகை கார்ச் செலவில் பெரும்பகுதி குறையும். தமிழ்நாட்டு அரசு பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போய்வர இலவச அட்டைக்கும் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

போகக் கூடாத பணம்

ஸ்டெம் செல். தசைச்சிதைவுக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. 2017ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிமுறைப்படி முறையான ஆய்வில் மட்டுமே தரலாம். உண்மையான ஆய்வு என்றால் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். பணம் கேட்டாலே அது ஆய்வு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பை விற்று இதில் போட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். ஊசி போட்ட மறுவாரம் 'கொஞ்சம் தெம்பா இருக்கான்' என்று தோன்றும். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று நினைக்கும் மனசுக்கு அப்படித்தான் தோன்றும்.

ஆன்லைனில் நிதி திரட்டுவதாக இருந்தால், பணம் மருத்துவமனைக் கணக்குக்கு நேராகப் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள், கமிஷனை முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசிப் படி: குடும்பத்தில் மற்றவர்கள்

எஸ்எம்ஏ, பாம்பே, பெரும்பாலான லிம்ப் கர்டில் வகைகள் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வருபவை. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடும். இருவரும் கேரியர் (மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்) என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். டிஎம்டி அப்படி இல்லை. அது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'அவ வயித்துல வந்த கோளாறு' என்று மருமகளைக் குத்துபவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: சுமார் மூன்றில் ஒரு பங்கு டிஎம்டி பிள்ளைகளின் அம்மாக்கள் கேரியரே இல்லை, மாற்றம் புதிதாக நேர்ந்தது.

பிள்ளையின் மரபணு மாற்றம் இன்னதென்று தெரிந்தால் அம்மாவுக்கும் சித்திக்கும் அக்காவுக்கும் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், முழு டெஸ்டைவிடச் செலவு மிகக் குறைவு. அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்திலிருந்து கருவில் பார்க்க முடியும், ஆனால் அதற்குள் முதல் பிள்ளையின் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். டிஎம்டி கேரியரான பெண்களுக்கு இதயத் தசை பலவீனமாகும் வாய்ப்பு உண்டு, பலருக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த முறை பையனை எக்கோவுக்கு அழைத்துப் போகும்போது அம்மாவின் பெயரிலும் ஒரு ஓபி சீட்டு போட்டுவிடுங்கள்.